டீக்கடை வரை நடந்த தூரம்

தேயிலை மலைமேல் இருந்த அந்த மண்டபத்தில் மாலை ஆறு மணிக்குக் கச்சேரி. உள்ளூர் சிம்பொனிக் குழுவில் நாற்பது பேர். சமவெளியிலிருந்து வந்திருந்த ஸ்விங் என்னும் ஆட்டத் தாள ஜாஸ் பேண்டில் எட்டுப் பேர். கடைசிப் பாட்டை மட்டும் இரு குழுவும் சேர்ந்து வாசிக்க வேண்டும்.

அதை முன்னால் நின்று குச்சியசைத்து நடத்தப்போகிறவர் திபூர்சியஸ். ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர், வயது அறுபத்திரண்டு. வாழ்க்கையில் இதுதான் முதல் மேடை. அவருக்கு இதைக் கற்றுக்கொடுத்த குரு அமலோற்பவம் டீச்சருக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

மதிய ஒத்திகை கந்தலாகிவிட்டது. வயலின்காரர்கள் தாளில் எழுதியபடி எல்லாச் சுரத்தையும் ஒரே அளவாக வாசித்தார்கள். ஸ்விங் ஆட்கள் ஒன்றை நீட்டி, அடுத்ததைச் சுருக்கி, ஆடிக்கொண்டே வந்தார்கள். திபூர்சியஸ் கையிலிருந்த குச்சியை ஓங்கி ஓங்கி வீசினார். முப்பது வருடம் முத்திரை குத்திய கை அது. வீச வீச இரண்டும் விலகிக்கொண்டே போயின.

"நாலு மணிக்குள்ள சேரலைன்னா நாங்க தனியாவே வாசிச்சுட்டுப் போயிடறோம் சார்" என்றார் ஸ்விங் பேண்டில் டிரம்ஸ் வாசிக்கும் லாசர். கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் திபூர்சியஸுக்கு அதிகம் வலித்தது.

அவர் டீச்சரிடம் போய் நின்றார்.

"யாரைத் திருத்தணும் டீச்சர்? இவங்களையா, அவங்களையா?"

"டீ குடிச்சிட்டு வருவோம், வாங்க சார்."

வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. சாலையைக் காணோம், மரங்களைக் காணோம். பக்கத்தில் வரும் டீச்சர்கூட வெறும் நிழலாகத்தான் தெரிந்தார்.

டீச்சருக்குப் பிறவியிலேயே இடதுகால் சற்றுக் குட்டை. ஓர் எட்டு நீளமாக விழும், அடுத்தது சட்டென்று முடியும். திபூர்சியஸ் அளவெடுத்தாற்போல் நடப்பவர். அவர் லாசரைப் பற்றிப் புலம்பினார், வயலின்களைப் பற்றிப் புலம்பினார். டீச்சர் நடந்துகொண்டே இருந்தார். ஒரு வளைவில் திபூர்சியஸுக்கே பேச்சு தீர்ந்துவிட்டது.

அப்புறம் செருப்புச் சத்தம் மட்டும் இருந்தது. அவருடையது சீராக, டீச்சருடையது நீண்டும் குறுகியும். கேட்கக் கேட்க, தூக்கத்தில் நடப்பதுபோல் இருந்தது. எங்கே போகிறோம் என்பதே அவருக்கு மறந்துபோயிற்று. பனிக்குள் மஞ்சளாக ஒரு விளக்கு வந்து நின்றது. டீக்கடை.

"மூணு வருஷமா இங்க சேர்ந்துதான் நடந்து வர்றோம்" என்றார் டீச்சர். "என் காலுக்காக நீங்க எப்பவாவது நொண்டினீங்களா?"

"இல்லையே."

"உங்களுக்காக நான் நேரா நடந்தேனா?"

திபூர்சியஸ் கையில் டம்ளரோடு, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார்.

"டீ ஆறுது சார்."

திரும்பி வந்ததும் திபூர்சியஸ் யாரையும் திருத்தவில்லை. வயலின்காரர்களிடம், "லாசரைக் காது கொடுத்துக் கேளுங்க" என்றார். லாசரிடம், "அவங்களைக் கேளுங்க" என்றார். நாலு மணி தாண்டியும் லாசர் தனியாக வாசிக்கும் பேச்சை எடுக்கவில்லை.

மாலை கடைசிப் பாட்டின்போது ஜன்னல் வழியே பனி மேடைக்கே வந்துவிட்டது. வயலின்கள் சீராகப் போயின. பேண்டு ஆடி ஆடி வந்தது. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நடந்தன. திபூர்சியஸுக்குக் கண் நிறைந்தது. பாதிப் பாட்டில் கை தானாகக் கீழே இறங்கிவிட்டது. முடியும்வரை அவர் அதைத் தூக்கவே இல்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் டீச்சரிடம் ஓடினார்.

"மன்னிக்கணும் டீச்சர். பாதியிலேயே கை நின்னுபோச்சு."

"அப்படியா?" என்றார் டீச்சர். "எனக்குக் கேக்கலையே."