பூவிலேயே மடங்கிய தக்கைப்பூண்டு

அந்தக் காலத்தில், செடியும் மாடும்கூடப் பேசியபோது, சிலம்பாயி என்றொருத்தி ஒரு துண்டுக் களர் நிலத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வெயில் ஏறினால் வயல் முழுக்க உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். மூன்று வருஷமாக நெல் முளைத்து முளைத்துக் கருகியது. குதிரின் அடியில் மிஞ்சியது ஒரு மரக்கால் விதைநெல். அதுவும் போனால் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான்.

விதைநெல் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டது. "அக்கா, உன் மண்ணுல கால் வச்சாலே எரியுது. நான் வரலை."

வாய்க்கால் ஓரத்தில் யாரும் சீந்தாமல் நின்ற தக்கைப்பூண்டு, "நான் வர்றேன். உப்பு எனக்குப் பழக்கம்தான்," என்றது.

அதன் விதையைத் தூவினாள். ஒன்றரை மாதத்தில் இடுப்புக்கு மேல் வளர்ந்து மஞ்சளாய்ப் பூத்தது. மூன்று வருஷத்தில் அந்த வயல் கண்ட முதல் பச்சை. சிலம்பாயி உலை வைக்கவும் மறந்து வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தது போதும். ஏரைப் பூட்டி என்னை மடக்கி உழு," என்றது தக்கைப்பூண்டு.

"பூத்து நிக்கிறவளை எப்படிடி சேத்துல தள்ளுவேன்? காய்ச்சுட்டுப் போயேன்."

"காய்ச்சா தண்டு விறகாயிடும். அப்புறம் அடுப்புக்குத்தான் ஆவேன், மண்ணுக்கு ஆக மாட்டேன்."

"உன் வம்சம் அத்துப்போயிடுமேடி."

"வரப்போரமா ஒரு வரிசையை விட்டுடு. அது போதும்."

சிலம்பாயி எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் மேய்ந்த செவலைக் காளை, "இவ அழுது முடிக்கிறதுக்குள்ள அது காய்ச்சே போயிடும்," என்றது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் கட்டி, ஏர் பூட்டினாள். கொழுமுனையில் மஞ்சள் பூக்கள் சாய்ந்து சேற்றுக்குள் போயின.

பத்து நாள் வயல் நாறியது. "என்னத்தப் புதைச்சா இவ?" என்று ஊரார் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நாற்றம் அடங்கியதும் விதைநெல்லை இறைத்தாள்.

முளைவிட்ட நெல் திகைத்துக் கேட்டது. "எரியவே இல்லையே அக்கா. இத்தனை உப்பையும் யார் தின்னது?"

சிலம்பாயி வரப்போரமாய் விட்டுவைத்திருந்த தக்கைப்பூண்டு வரிசையைக் காட்டினாள். அந்தத் தை மாதம் கதிர்கள் தலை தூக்க முடியாமல் சாய்ந்து கிடந்தன.

அந்த வெள்ளாமை தொட்டுத்தான், நெல்லுக்கு முன்னால் தக்கைப்பூண்டை விதைத்து, பூவிலேயே மடக்கி உழுகிறார்கள். வரப்போர வரிசையை மட்டும் காய்க்க விடுகிறார்கள்.