தில்லைநாதனும் பின்கயிறும்

கிட்ட வாங்கோ. இன்னும் கிட்ட. கதவையும் சாத்திப்போட்டு இருங்கோ. இது பனிக் கதை, சொல்லத் தொடங்கினாலே குளிரும்.

நோர்வேயில தில்லைநாதன் எண்டு ஒருத்தர். இருபத்திரண்டு வருசம் பஸ் ஓட்டின மனிசன். பிறகு ஒரு வருத்தம் பிடிச்சது. தசை ஒவ்வொண்டாய்ச் சோர்ந்து போகிற நோய். முதல் கால் போனது. அதோட நிக்கேல்லை. ஆறுதலாய், ஒரு அவசரமும் இல்லாமல், மேல ஏறிக்கொண்டு இருந்தது.

மனிசன் சும்மா இருக்கேல்லை. பனியில சறுக்கப் பழகினார். கால் ஏலாதவைக்கு அங்க ஒரு சறுக்குக் கதிரை இருக்கு. மேல வாளி மாதிரி இருக்கை, அடியில நீட்டுப் பலகை. ரெண்டு கையிலயும் கட்டைத் தடி. திரும்பிறதும் நிக்கிறதும் அந்தத் தடியாலதான்.

பழக்கினவள் சிந்துஜா. அங்கயே பிறந்த பிள்ளை, அவற்ற மகளின்ர வயசு. ஆனாலும் தில்லைநாதன் அவளைக் "குரு" எண்டுதான் கூப்பிடுவார்.

மூண்டாவது பனிக்காலம். முதல் நாள்.

"குரு, ஒரு கேள்வி."

"கேளுங்கோ அங்கிள்."

"நான் ஒவ்வொரு வருசமும் பழகிறன். அடுத்த வருசம் வருத்தம் வந்து அதைப் பறிச்சுக்கொண்டு போகுது. பிறகேன் நான் பழகவேணும்?"

சிந்துஜா கதிரையின்ர பட்டியை இறுக்கினாள்.

"வலக்கையைக் காட்டுங்கோ."

"கேட்டதுக்குப் பதில்?"

"கையை."

தில்லைநாதன் வானத்தைப் பார்த்தார்.

அவள் சட்டைக் கையை மேல தள்ளினாள். கையுறையையும் தடியையும் சேர்த்து, பெட்டி ஒட்டுற டேப்பால இறுக்கிச் சுத்தியிருந்தது.

"ஆற்ற வேலை இது?"

பக்கத்தில தேத்தண்ணிப் போத்திலோட நிண்ட பெண்சாதி புவனம் தலையைக் குனிஞ்சா.

"நான் மாட்டன் எண்டுதான் சொன்னனான் பிள்ளை. இவர் தானே பல்லால டேப்பைக் கடிக்கத் தொடங்கிட்டார். பார்க்கச் சகிக்கேல்லை. சுத்தி விட்டன்."

"விழுந்தால் கை முறிஞ்சிடும் அங்கிள்."

"விழமாட்டன்."

"விரல் பிடிக்குதில்லை, என்ன?"

தில்லைநாதன் கையைப் பின்னுக்கு இழுக்கப் பார்த்தார்.

சிந்துஜா டேப்பை வெட்டி எடுத்தாள். "இந்த வருசம் பின்கயிறு."

பின்கயிறு எண்டால், கதிரையின்ர பின்பக்கத்தில ரெண்டு கயிறு கட்டுவினம். ஒராள் அதைப் பிடிச்சுக்கொண்டு பின்னால சறுக்கி வரும். திருப்பிறதும் நிப்பாட்டுறதும் அந்த ஆள்.

"கயிறோ? எனக்கோ?" தில்லைநாதனுக்கு முகம் சிவந்தது. "எத்தினை ஆயிரம் சனத்தை ஏத்தி இறக்கினவன் நான். இப்ப பின்னால ஒருத்தி பிடிக்க, முன்னால நான் வெங்காய மூட்டை மாதிரிப் போறதோ? வேண்டாம். இண்டையோட சரி. கதிரையை வேற ஆருக்கும் குடு."

சிந்துஜா வாதாடேல்லை.

"சரி அங்கிள். ஒரே ஒருக்கா மேல போய் வருவம். பிறகு குடுத்திடுவம்."

லிப்ட் ரெண்டு பேரையும் மேல கொண்டு போனது. வேலை நாள். சரிவில ஒரு குருவி இல்லை. அடியில புவனம் சிவப்புக் கோட்டோட ஒரு பொட்டு மாதிரித் தெரிஞ்சா.

சிந்துஜா கயிறைக் கட்டினாள். பிறகு கழுத்தில கிடந்த கம்பளித் துணியைக் கழற்றி, நாலாய் மடிச்சு, தன்ர கண்ணில கட்டினாள்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"நான் ரெடி."

"கண்ணைக் கட்டிப்போட்டு என்னெண்டு போறது?"

"உங்களுக்குக் கண் இருக்குத்தானே? சொல்லுங்கோ, நான் திருப்பிறன்."

"விசரே உனக்கு?"

கதிரை வழுக்கத் தொடங்கியிட்டுது.

"இடம்! இடம்! ஐயோ, இடம்!"

கதிரை இடப்பக்கம் திரும்பினது.

"போதும்! பிறேக்!"

பனி பறக்க நிண்டது. ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கினது.

"பிறகு?" எண்டாள் பின்னால நிண்டவள். அவளின்ர குரல் கொஞ்சம் நடுங்கினது.

தில்லைநாதன் அதைக் கேட்டார்.

"பிறகு... மெல்ல வலம். அங்கால ஒரு மரம் நிக்குது, அது தூரத்தில. பயப்பிடாத பிள்ளை. நான் பாக்கிறன்."

பாதி மலை தாண்ட, அவரின்ர தொண்டையில பழைய பஸ் ஏறியிட்டுது.

"கொஞ்சம் வேகம்! இப்ப இடம்! அடுத்த தரிப்பிடம், புவனத்தின்ர தேத்தண்ணி! இறங்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ!"

கதிரை அடியில வந்து நிக்க, புவனம் தேத்தண்ணியைப் பனியில ஊத்திப்போட்டா. "கடவுளே! பிள்ளையின்ர கண்ணில என்ன? ரெண்டு பேருக்கும் தலை பழுதோ?"

தில்லைநாதனின்ர மீசை முழுக்கப் பனி. சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணால தண்ணி வந்தது. பிறகு சிரிப்பு மெல்ல நிண்டது.

"குரு. துணிக்குள்ளால உனக்குத் தெரிஞ்சதுதானே?"

சிந்துஜா கண்ணில இருந்த துணியை அவிட்டாள்.

"எனக்கு விளங்கும். வருத்தக்காரன், பாவம், கொஞ்சம் சந்தோசப்படட்டும் எண்டு ஒரு நடிப்பு. என்ன?"

"வாயைத் திறந்து சொல்லன் பிள்ளை," எண்டா புவனம்.

அவள் கதிரையைத் திருப்பினாள். திரும்பவும் லிப்ட். திரும்பவும் உச்சி.

அதே துணி. அதே நாலு மடிப்பு. இந்த முறை அவற்ற கண்ணில கட்டினாள்.

தில்லைநாதன் உள்ளுக்குள்ள கண்ணை அகலத் திறந்தார். இடம் பார்த்தார். வலம் பார்த்தார். கீழ பார்த்தார். அவ்வளவு வெள்ளைப் பனியில ஒரு பொட்டு வெளிச்சம் உள்ளுக்கு வரேல்லை.

தலையைப் பின்பக்கம் அவளிட்டத் திருப்பினார்.

"முழு மலையும் இப்பிடியோ வந்தனீ?"

"ஓம்."

காத்து ஒருக்கா அடிச்சு ஓய்ஞ்சது. துணியை அவிட்டு விடச் சொல்லி அவர் கேக்கேல்லை.

"குரு."

"சொல்லுங்கோ."

"கயிறு கையில இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?"

சிந்துஜா தள்ளினாள்.