அரசரின் வாசலில் காத்திருந்தவன்

முன்னொரு காலத்தில், அரசருக்கு வயிறு சரியில்லையென்றால் ஊரே நடுங்கிய ஒரு நாடு இருந்தது. அரசர் பெயர் சந்திரபூபதி. காலையில் சாப்பிட்டுக் கை கழுவியதும் நேராகச் சபைக்கு வந்து உட்காருவார். கடைசி மனுதாரனின் குறையைக் கேட்டு முடிக்கும்வரை எழமாட்டார். அவர் எழாதவரை வேறு எவரும் எழக்கூடாது. "என் வாசலுக்கு வந்த எவனையும் நான் கேளாமல் திருப்பி அனுப்பியதில்லை" என்பதில் அவருக்கு அத்தனை பெருமை.

அந்த அரசருக்குத்தான் மலச்சிக்கல். முகம் எந்நேரமும் கடுகடுவென்று இருந்தது. குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று சமையல்காரன் சிறைக்குப் போனான். சத்தமாகத் தும்மிய காவலனுக்கு வேலை போனது. வைத்தியர் விளக்கெண்ணெய் கொடுத்த அன்று மட்டும் ஊர் நிம்மதியாக மூச்சு விட்டது. மறுநாள் பழையபடிதான்.

இதில் அதிகம் அடிபட்டவன் விகடகவி சோணாசலம். சிரிக்க மறுக்கிற மனிதரைத் தினமும் சிரிக்க வைக்கும் வேலை அவனுடையது. தலை நரைத்துவிட்டது. சொன்ன வேடிக்கையையே வேறு குரலில் சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருந்தான்.

அவன்மேல் நெடுநாள் பொறாமை கொண்டிருந்த பிரதானி அனந்தப்பர் ஒருநாள் சபையில் கைகூப்பினார்.

"பிரபு, தம் புத்திக்குக் கட்டுப்படாதது இந்த நாட்டில் எதுவுமில்லை என்று விகடகவியார் சொல்லித் திரிகிறார். தங்கள் வயிற்றை அவரிடமே ஒப்படைத்தால் என்ன?"

சோணாசலம் அப்படிச் சொன்னதே இல்லை. மறுத்துப் பேசவும் அவனுக்கு அலுப்பாக இருந்தது.

"நல்ல யோசனை" என்றார் அரசர். "சோணாசலம், அமாவாசைக்குள் என் வயிறு இறங்க வேண்டும்."

"மருந்து கொடுக்கக் கூடாது, பிரபு. அது வைத்தியர் செய்வது. இவர் புத்தியால் செய்து காட்டட்டும்" என்று குறுக்கிட்டார் அனந்தப்பர்.

"அப்படியே ஆகட்டும். தவறினால் வீட்டைக் காலி செய்து, மனைவியோடு எல்லையைத் தாண்டிவிடு."

வீட்டில் மனைவி தையலாள் வீங்கிய முழங்காலுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கொதித்துப் போனாள்.

"அந்தாளு வயித்துக்கு நாம ஏங்க ஊரைவிட்டுப் போவணும்?"

"ராஜா வயிறு, தையல்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு எல்லை வரைக்கும் நான் எங்க நடக்க? நீங்க தூக்கிட்டுப் போவீங்களா?"

"கல்யாணமான புதுசுல கேட்டிருக்கணும்."

அவள் சிரித்துவிட்டாள். அன்று முழுக்க அவனுக்குக் கிடைத்த ஒரே சிரிப்பு அதுதான்.

கஞ்சி குடித்து முடித்தான். சற்றைக்கெல்லாம் வயிறு கூப்பிட்டது. எழுந்து கொல்லைப் பக்கம் நடந்தவன் பாதி வழியில் நின்றான். சாப்பிட்டதும் அழைப்பு வருகிறது. காலையில் சபையில் இருக்கும்போதும் சாப்பிட்ட சற்று நேரத்தில்தான் வரும். எழக்கூடாதே என்று பல்லைக் கடித்து அடக்குவான். அப்படியானால் அரசர்? சபை கூடிய சிறிது நேரத்தில் அவர் நெளிவார், ஆசனத்தின் கைப்பிடியை இறுகப் பற்றுவார், பிறகு அடங்கிவிடுவார். கோபம் என்றல்லவா இத்தனை காலம் நினைத்திருந்தான்!

மறுநாள் சபையில் கடைசி மனுதாரனாக அவனே போய் நின்றான்.

"உனக்கென்ன மனு?"

"இன்னொருவனுக்காக வந்திருக்கிறேன், மகாராஜா. தினமும் காலைச் சாப்பாடு முடிந்ததும் அவன் வருவான். உள்வாசல் அவனுக்குத் தானாகவே திறக்கும். அதை அடைக்க எவருக்கும் அதிகாரமில்லை. வெளிவாசலில் மட்டும் ஓர் அதிகாரி. 'இப்போது முடியாது, பிறகு வா' என்று கதவை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். அவனும் முட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிவிடுவான். காத்துக் கிடந்தே ஈரமெல்லாம் வற்றிக் கல்லாகிப் போனான். இப்போது கதவைத் தட்டுவதையே விட்டுவிட்டான்."

அரசர் கொதித்தார். "என் அரண்மனையிலா? யார் அந்த அதிகாரி?"

"தண்டனையை முதலில் சொல்லுங்கள், மகாராஜா. பெயர் தெரிந்தால் தயக்கம் வரலாம்."

"எவனாயினும் சரி! தினமும் சாப்பிட்டதும் அந்த மனுதாரன் வரவேண்டிய இடத்தில் போய் உட்காரட்டும். அவன் குறை தீரும்வரை எழக்கூடாது. சபையே காத்திருந்தாலும் சரி!"

"அதிகாரி தாங்கள்தான், மகாராஜா. மனுதாரன் தங்கள் வயிற்றில் இருக்கிறான். இடம் தோட்டத்து மூலையில் இருக்கிறது."

"என்ன துடுக்கு!" என்று அனந்தப்பர் எழப்போய், சட்டம் நினைவுக்கு வந்து உட்கார்ந்தார். அரசரின் முகம் சிவந்தது. ஆனால் சபையறியச் சொன்ன தீர்ப்பை எப்படித் திரும்பப் பெறுவது?

அடுத்த காலை, சாப்பிட்ட கையோடு அரசர் தோட்டத்து மறைப்புக்குள் போய் உட்கார்ந்தார். சபையில் அவர் இடத்தில் அமர்ந்து மனுக்களைக் கேட்கும் பொறுப்பு அனந்தப்பருக்கு. சோணாசலம் மறைப்புக்கு வெளியே சுவரில் சாய்ந்து காவலிருந்தான்.

"சோணாசலம், போதுமா?"

"தீர்ப்பு தங்களுடையது, மகாராஜா."

"முக்கிப் பார்க்கிறேன், அசையவில்லை."

"அதட்ட வேண்டாம். இத்தனை காலம் விரட்டிய பயம் அவனுக்கு. கதவைத் தளர்த்திவிட்டுச் சும்மா உட்காருங்கள்."

அன்று வரவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் வரவில்லை. அமாவாசையன்று காலையில் தையலாள் பாத்திரங்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தாள். சோணாசலம் வழக்கம்போல் சுவரில் வந்து சாய்ந்தான்.

"ஏதாவது வேடிக்கை சொல்லேன்" என்றது உள்ளிருந்து வந்த குரல்.

"ஒன்றும் மிச்சமில்லை, மகாராஜா. களைப்பாக இருக்கிறது."

"எனக்கும்தான்" என்றார் அரசர்.

சோணாசலம் கண்ணை மூடிக்கொண்டான்; உள்ளே அரசரும் முக்குவதை விட்டிருந்தார். வேப்பமரத்தில் ஒரு காகம் கரைந்துவிட்டுப் போனது.

"சோணாசலம்!" அரசர் உள்ளிருந்து கூவினார். "வந்துவிட்டானடா!"

தொடர்ந்து மறைப்புக்குள்ளிருந்து அப்படியொரு சிரிப்பு கிளம்பியது. தோட்டக்காரர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

சிரித்த முகத்தோடு அரசர் சபைக்குள் நுழைந்தார். அங்கே ஆசனத்தில் அனந்தப்பர் முழங்கால்களை ஒட்ட வைத்துக்கொண்டு, வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். காலையில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்; அரசர் இடத்தில் அமர்ந்ததால் மனுக்கள் முடியும்வரை எழவும் முடியாது. அரசரைக் கண்டதும் வணங்கக்கூட நிற்காமல் தோட்டத்துப் பக்கம் பாய்ந்தார். அரசர் தூணைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இனி வயிறு அழைத்தால் எவரும் எழலாம், நான் உட்பட! சோணாசலம், உன் வீடு இனி உன் பரம்பரைக்கே சொந்தம். வேறென்ன வேண்டும், கேள்."

"சமையல்காரனையும் காவலனையும் மன்னித்துவிடுங்கள், மகாராஜா. நாளை ஒருநாள் மட்டும் உங்களை வேறு யாராவது சிரிக்க வைக்கட்டும்."

அரசர் மறுபடியும் சிரித்து, தம் பட்டுச் சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தினார்.

வீட்டில் தையலாள் மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, கிளம்பணுமா?"

"பிரிச்சிடு" என்று சொல்லிக்கொண்டே அவன் தரையில் சாய்ந்தான். அவள் முதல் முடிச்சை அவிழ்ப்பதற்குள் தூங்கிப் போயிருந்தான்.