காத்தாயி கீறிய வேங்கை மரம்

தேன்பாறைக் காட்டில் காத்தாயி என்றொரு கரடி இருந்தாள். உடம்பு பெரியது, வாய் அதைவிடப் பெரியது, மனசு மட்டும் தங்கம். அவளுக்கு ஒரே ஒரு கவலைதான். அவளுடைய குகை பள்ளத்தில் இருந்தது. போன மழைக்காலம் முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே தூங்கினாள். அவள் காதுக்குள் ஒரு தவளை குடித்தனம் நடத்திவிட்டுப் போனது.

இந்த வருடம் மழைக்கு முன்பே ஒரு நல்ல சேதி வந்தது. இருவாச்சிப் பறவை மரத்துக்கு மரம் பறந்து கூவியது.

"எல்லோரும் கேளுங்கள்! இன்றிலிருந்து இருபத்தோராம் நாள் காலையில் போட்டி! பழுத்த பலாப்பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையிலிருந்து மலை உச்சிக்கு ஏற வேண்டும்! பழம் கீழே விழக்கூடாது! யார் வயிற்றுக்குள்ளும் போகக்கூடாது! ஜெயிப்பவருக்கு உச்சியில் இருக்கும் ஈரமில்லாத குகை!"

காத்தாயிக்குத் தலைகால் புரியவில்லை. "குகை எனக்குத்தான்!" என்று மூன்று குட்டிக்கரணம் அடித்தாள். மூன்றாவதில் முட்செடி மேல் உட்கார்ந்தாள்.

அவளுடைய சிநேகிதன் துடியன் ஒரு கீரி. முள்ளைப் பிடுங்கிக்கொண்டே அவன் கேட்டான்.

"அக்கா, ஏறிப் பழக வேண்டாமா? இருபது நாள்தான் இருக்கு!"

"இருபது நாள் எதுக்குடா? இன்னைக்கே உச்சி! பார்த்துக்கிட்டே இரு!"

உச்சிக்குப் போகும் வழியில் ஏழு மரங்கள் உண்டு. அந்தக் காட்டுக் கரடிகளுக்கு ஒரு வழக்கமும் உண்டு. எதையாவது சாதித்தால் அந்த இடத்து மரத்தில் நகத்தால் கீறி வைப்பார்கள். பிறகு விருந்து வைப்பார்கள். காத்தாயி வெறும் கையோடு விறுவிறுவென்று ஓடினாள். உச்சியில் நிற்கும் ஏழாவது மரமான வேங்கையில் ஐந்து நகமும் பதியக் கீறினாள்.

"என் இலக்கு இதுதான்! கீறியாச்சு!" என்று காடே அதிரக் கத்தினாள். கீறிய பிறகு விருந்து இல்லாமலா? கீழே இறங்கி வந்து, பழகுவதற்காக வைத்திருந்த பலாப்பழத்தைப் பிளந்தாள்.

மறுநாள் வேறொரு பழத்தைத் தூக்கினாள். முதல் மரம் வருவதற்குள் மூச்சு வாங்கியது. மூக்குக்கு நேரே கமகமவென்று வாசனை! "ஒரே ஒரு சுளை" என்றாள். கொட்டைதான் மிஞ்சியது. அடுத்த நாளும் இதே கதை. அதற்கடுத்த நாளும் இதே கதை. ஏழாம் நாள் அவள் வயிறு தரையைத் தொட்டது. கால் மட்டும் முதல் மரத்தைத் தொடவில்லை.

மலைக்குப் பின்னாலிருந்து ஒரு கருமேகம் எட்டிப் பார்த்தது. காத்தாயி அழுதேவிட்டாள்.

"உச்சியிலதான் கீறிட்டேனே தம்பி! அப்புறம் ஏன் கால் போக மாட்டேங்குது?"

துடியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கீறினது உன் நகம் அக்கா! மலை ஏறப்போறது உன் கால். அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கேட்டுவிட்டால் போயிற்று! காத்தாயி மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள். "காலே, காலே! நாளைக்கு உச்சிக்கு வர்றியா?" கால் வெடவெடவென்று நடுங்கியது. "சரி, முதல் மரம் வரைக்கும்?" கால் நடுங்காமல் நின்றது.

"அப்போ நாளைக்கு முதல் மரம்! பழம் முழுசா இருக்கணும்! போய்ச் சேர்ந்த பிறகுதான் கீறல்! விருந்துக்குக் கரையான் போதும்!"

அப்படியே செய்தாள். முதல் மரத்தில் கீறல் விழுந்தது. இரண்டு நாளைக்கு ஒரு மரம் என்று கணக்கு வைத்தாள். நான்காவது மரத்துக்குக் கீழே ஒருநாள் வழுக்கி விழுந்தாள். பழமும் உருண்டது, அவளும் உருண்டாள். அன்றைக்குக் கீறலும் இல்லை, கரையானும் இல்லை. மறுநாள் அதே மரத்துக்குத் திரும்பப் போனாள்.

மலையரசு என்ற காட்டெருமை இதைப் பார்த்துக் கெக்கலி கொட்டினான். "ஒரு மரம், ரெண்டு மரமா? எனக்குப் பழக்கமே வேண்டாம்! ஒரே பாய்ச்சல்தான்!"

போட்டி நாள் வந்தது. அதுவரை காத்தாயி பழத்தோடு ஏறியது ஆறாவது மரம் வரைதான்.

மலையரசு பழத்தின் காம்பைக் கவ்விக்கொண்டு பாய்ந்தான். கருங்குரங்கு ஒன்றும் கிளம்பியது. இரண்டாம் மரத்தடியிலேயே போட்டியை மறந்துவிட்டுச் சுளை உரிக்க உட்கார்ந்தது. காத்தாயி பழத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அடுத்த கீறலை மட்டும் பார்த்து நடந்தாள்.

ஐந்தாவது மரத்தில் மலையரசுக்கு மூச்சு முட்டியது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? திரும்பிப் பார்த்து, "ஏ காத்தாயி! இன்னும் அங்கேயா?" என்றான். வாய் திறந்தது, பழம் விழுந்தது! காத்தாயி ஒரே துள்ளலாக விலகினாள். பழம் தடதடவென்று உருண்டு ஆற்றில் தொபுக்கென்று விழுந்தது.

ஆறாவது மரமும் வந்தது. அதற்கு மேல் அவள் பழத்தோடு போனதே இல்லை. கால் நடுங்கியது. வாசனை மூக்கைத் துளைத்தது. முதல் மழைத்துளி மூக்கிலேயே விழுந்தது. காதுக்குள் அந்தத் தவளையின் குரல் கேட்பதுபோல் இருந்தது. காத்தாயிக்குப் பயம் வந்துவிட்டது.

"அக்கா! இன்னும் ஒரே ஒரு மரம்!" என்று துடியன் கத்தினான்.

காத்தாயி சிரித்துவிட்டாள். "ஒரு மரம்தானே? ஒரு மரம் ஏறத்தான் எனக்குத் தெரியுமேடா!"

ஏறினாள்! பழத்தைப் பூப்போல வேங்கை மரத்தடியில் வைத்தாள். "குகை காத்தாயிக்கே!" என்று இருவாச்சி கூவியது.

"கீறு அக்கா, கீறு!" என்று துடியன் குதித்தான்.

காத்தாயி கையை ஓங்கினாள். மரத்தில் அந்தப் பழைய கீறல் இருந்தது. அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினாள்.

"வேண்டாம்டா. அன்னைக்குப் பொய்யாக் கீறினேன். இன்னைக்குத்தான் அது நிஜமாச்சு."

மழை கொட்டத் தொடங்கியது. காத்தாயி எல்லோரையும் குகைக்குள் கூப்பிட்டாள். மலையரசு தலையைக் குனிந்தபடி கடைசியாக வந்தான். அவனுக்குத்தான் முதல் சுளை கிடைத்தது.

இலக்கை மலை உச்சியில் வைத்தாலும், இன்றைக்குக் கால் எட்டுகிற தூரத்தைக் குறித்துக்கொண்டு நடப்பவரே அங்கே போய்ச் சேருவார்.