திரைக்கு உள்ளே

எத்தனையோ வருஷங்கள் கழித்தும் வெண்ணியின் காதில் அந்தச் சத்தம் இருந்தது. இருநூறு பேர் ஒரே சமயத்தில் மூச்சை அடக்கிக்கொண்ட சத்தம்.

அப்போது அவளுக்கு வயது நாற்பத்திரண்டு. நாட்டை ஆண்ட அண்ணன் இறந்து அரியணை காலியாகக் கிடந்தது. அவளை அழைத்துப்போக நாட்டிலிருந்து இரண்டு முறை தூதன் வந்துவிட்டான். ஆசிரமத்தை விட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

"ஜனங்கள் உழைக்கிறார்கள். நாடு தன்னால் வளரும். தலைமை எதற்கு, சுவாமி?"

குரு அவளைவிட நான்கு வயது இளையவர். எழுந்து நடந்தார். அவளும் நடந்தாள். மறுநாள் உச்சிவேளையில் மலை தாண்டியதும் ஓர் ஊர் வந்தது.

ஆற்றில் பாதிப் பாலம் நின்றது. கிணறுகள் இடுப்பளவே தோண்டப்பட்டிருந்தன. எங்கும் பேச்சே இல்லை. அரண்மனை மண்டபத்தில் மட்டும் கூட்டம், ஒரு கருஞ்சிவப்புத் திரையைப் பார்த்தபடி.

"எதற்கம்மா காத்திருக்கிறீர்கள்?" என்று வெண்ணி ஒருத்தியைக் கேட்டாள்.

"பேத்திக்குப் பேர் வைக்கணும். நாலு வருஷம் ஆச்சு. திரைக்குள்ள போய் ஏழு வருஷமான ராஜா இன்னும் யோசிக்கிறாராம். அவ பேரில்லாமலே ஓடியாடுறா, போங்க."

குரு மண்டபத்தின் பின்வாசலைக் காட்டினார். "போய்ப் பார்."

திரைக்கு உள்ளே ஒரு நாற்காலிதான் இருந்தது. மெத்தையில் ஆள் உட்கார்ந்த பள்ளம் அப்படியே இருக்க, அதில் ஏழு வருஷத்துத் தூசி. திரையை விலக்கிப் பார்க்க யாருக்கும் துணிவு வரவில்லை போலும்.

வெளியே யாரோ ஒருவன் ஓடிவந்தான்.

"மதகுக்காரன் சடையன் வந்திருக்கேன். ஏரி தளும்புது! மதகைத் திறந்தா கீழ்வயல் முழுகும். திறக்கலேன்னா கரை உடைஞ்சு ஊரே போயிடும். திறக்கவா?"

"இரு. உள்ளே கேட்டுச் சொல்கிறேன்" என்றார் அரண்மனைக் காரியக்காரர். திரையருகே வந்து குனிந்தார். "மகாராஜா, மதகைத் திறக்கலாமா?"

தூசி வெண்ணியின் தொண்டையில் ஏறியது. இருமிவிட்டாள்.

இருநூறு பேரும் மூச்சை அடக்கினார்கள்.

"உத்தரவிடுங்கள், மகாராஜா!" என்றார் காரியக்காரர்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் மூச்சில் திரை அசைவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வெகுநேரம் கழித்துக் காரியக்காரர் நிமிர்ந்தார்.

"யோசிக்கிறார்" என்றார்.

"சரிங்க. மதகடியிலேயே நிக்கிறேன். சொல்லி அனுப்புங்க" என்று போனான் சடையன்.

பொழுது சாயுமுன் கரை உடைந்தது. மலைச்சரிவில் நின்று வெண்ணியும் குருவும் பார்த்தார்கள். மண்டபம் இருந்த இடத்தில் தண்ணீர் சுழன்றது.

"ஒருவர்கூட ஓடவில்லையே, சுவாமி!"

குரு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் வேற்று நாட்டுக்காரி. நான் என்ன சொல்லியிருக்க முடியும்? கொன்றது அந்த வெறும் நாற்காலி. நானில்லை."

"ஏழு வருஷம் உள்ளே யாருமில்லை, வெண்ணி" என்றார் குரு. "இன்றைக்கு ஆள் இருந்தது."

விடிந்ததும் அவள் ஆசிரமத்துக்குத் திரும்பாமல், தன் நாட்டுப் பாதையில் இறங்கினாள்.

சடையனின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது. மதகுப் பலகையைப் பிடித்த கை விடவில்லை.