அச்சுப்பெட்டி மேல் ஒரு தொப்பி

ரயில் ஜங்ஷனில் நின்றதும், சக்கர அச்சுகளுக்கு எண்ணெய் விடும் இருதயசாமி தண்டவாளத்தில் இறங்கி, ஒவ்வொரு அச்சுப்பெட்டியையும் புறங்கையால் தொட்டுக்கொண்டே வந்தார். நாலாவது கோச்சில் வெடுக்கென்று கையை இழுத்தார்.

“எண்ணெய் வத்திக் கொதிக்குது ஐயா. இப்படியே ஓடினா அச்சு முறிஞ்சிடும். கோச்சைக் கழட்டணும்.”

“காலையில நானே பார்த்துக் கையெழுத்துப் போட்ட கோச்சு!” அதே ரயிலில் வந்த கோச்சுப் பரிசோதனை இன்ஸ்பெக்டர் பட்டாபிராமன் சீறினார். “இன்னொரு வார்த்தை பேசினா உனக்கு வேலை இல்ல.”

“அப்ப என் கைதான் பொய் சொல்லுது. உங்க தொப்பியை இது மேல வைங்க. நானே போய்ப் பச்சைக்கொடி காட்டச் சொல்றேன்.”

ஜன்னலெல்லாம் தலைகள் எட்டிப் பார்த்தன. இன்ஸ்பெக்டர் வீம்புக்கு வைத்தார். இருதயசாமி பத்தடி போவதற்குள் தொப்பி புகைந்தது.

“ஐயோ, என் தொப்பி!” இன்ஸ்பெக்டர் பாய்ந்து எடுத்தார்.

“வெறும் தொப்பிக்கே இப்படிப் பதறுறீங்களே,” என்றார் இருதயசாமி. “உள்ளே எழுபது தலை இருக்கு ஐயா.”