மயில் வீட்டு முள் பெட்டி

இந்தக் கதை நடந்தபோது நான் பக்கத்தில் இல்லை. எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற அண்ணன் ஒருவர் சொன்னார். அவருக்கு ஒரு மைனா சொன்னதாம். மைனா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும். அதனால் எனக்குச் சந்தேகமாகப் பட்ட இரண்டு இடங்களை விட்டுவிட்டேன். மிச்சம் இதுதான்.

அருவிமலைக் காட்டில் தோகையப்பன் என்ற மயில் வாழ்ந்தார். அவருக்கு ஒரு பெரிய குகை வீடு. அதன் கூடத்தில் நூறு விலங்குகள் தாராளமாக உட்காரலாம். காட்டிலேயே நல்ல காது அவருடையது. நல்ல கண்ணும் அவருடையதுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தக் கூடத்தில் படம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஏதோ ஒரு கம்ப்யூட்டர் போதாது. வருகிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும்.

முதலில் கடுவன் என்ற குரங்கு ஒன்று செய்து கொடுத்தான். கண்ணாடிப் பெட்டி, உள்ளே ஏழு வண்ண விளக்கு, சூடு தணிக்க எட்டு விசிறி. பார்க்க ஜோராக இருந்தது. ஆனால் படம் ஓடத் தொடங்கியதும் எட்டு விசிறியும் சேர்ந்து இரைந்தன.

"என்னப்பா, உள்ளே தேன்கூடு ஏதும் வச்சிருக்கியா?" என்று கேட்டார் மயில்.

"அது பவருங்க ஐயா! சத்தம் வந்தாத்தான் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்!"

"பாடுறதுக்கு முன்னாடி குயில் மூச்சு இழுக்குமே, அது எனக்குக் கேக்கணும். உன் பவர்தான் கேக்குது. எடுத்துட்டுப் போ!"

அதற்குப் பிறகுதான் கூரியை வரச்சொன்னார்.

கூரி ஒரு இளம் முள்ளம்பன்றி. அவள் பிறந்த வளையிலிருந்து பள்ளிக்கூடம் போய் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் அவள்தான். வேலையில் கெட்டி. ஆனால் அவளுக்கு ஒரு தொல்லை இருந்தது. பதற்றம் வந்தால் முதுகு முட்கள் ஒன்றோடொன்று உரசிக் கலகலவென்று ஒலிக்கும். மறைக்கவே முடியாது. அதனால் பெரிய இடங்களுக்குப் போகும்போதெல்லாம் முட்களை முதுகோடு அழுத்திப் படுக்க வைத்துக்கொண்டு போவாள்.

"முதல் மழை விழாவுக்குக் காடே இங்க வரும்," என்றார் தோகையப்பன். "அன்னைக்குப் பெட்டியில ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் சரி, நடுவுல நின்னு போனாலும் சரி, கடுவனோட பெட்டியத் திரும்ப வச்சுடுவேன். உன் பேரு கெட்டுப் போகும். அதோட, வளையிலேர்ந்து வர்ற பிள்ளைங்களை இந்த மாதிரி வேலைக்கு இனி யாரும் கூப்பிட மாட்டாங்க. யோசிச்சுச் சொல்லு."

கலகல.

"செய்றேங்க ஐயா," என்றாள் கூரி. சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

அவள் உடனே பெட்டிக்கு வரைபடம் போடவில்லை. மூன்று நாள் அந்தக் கூடத்தில் சும்மா உட்கார்ந்தாள். மயிலின் மனைவி அகவம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணு தூங்குது போல," என்றார்.

கூரி தூங்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள். பின்பக்கப் பாறைச் சுவர் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொன்னது. அங்கே தடித்த கோரைப்பாய் மாட்ட வேண்டும் என்று குறித்துக்கொண்டாள். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் முரசு ஒலி அமுங்கிக் குழம்பியது. ஒரு கை தூரம் தள்ளி வைத்ததும் தெளிந்தது. அதையும் குறித்துக்கொண்டாள். பெட்டிக்குள் சுழலும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. சுழன்றால் முனகும்.

விசிறி இல்லாவிட்டால் சூடு எங்கே போகும்? அதற்குத்தான் விடை கிடைக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் சரியான புழுக்கம். படுக்க வைத்த முட்களுக்கு அடியில் முதுகு வெந்தது. சுற்றிலும் பார்த்தாள். யாரும் இல்லை. முட்களை மெல்ல நிமிர்த்தினாள். முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவில் காற்று நுழைந்தது. முதுகு குளிர்ந்தது.

"அட!" என்று கத்திவிட்டாள் கூரி. பாறைச் சுவரும் "அட!" என்றது.

பத்து நாளில் பெட்டி தயாரானது. அதன் முதுகு முழுக்க மெல்லிய செப்புத் தகடுகள், வரிசை வரிசையாக நிமிர்ந்து நின்றன. உள்ளே பிறக்கும் சூடு தகடுகளில் ஏறி, இடைவெளி வழியே தானாக மேலே போய்விடும். அதையும் மீறிச் சூடேறினால், எதுவும் கருகும் முன்பு பெட்டி தானாகவே அணைந்துகொள்ளும்.

அகவம்மா அதைப் பார்த்தார். "ஏம்மா கூரி, இதென்ன அசல் முள்ளம்பன்றி மாதிரி..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வாசலில் நின்ற கடுவனுக்கு அந்தக் கூச்சம் இல்லை. "என்ன தங்கச்சி, உன் முதுகையே கழட்டி வச்சுட்டியா?" என்று சிரித்தான். "ஒரு விளக்கு கூட இல்ல. பெரிய வீட்டுப் பொருளா இது?"

கூரி திரும்பி நடந்தாள். தோகையப்பனிடம் போய், "ஐயா, உதிர்ந்த தோகை ஒண்ணு வேணும்," என்று கேட்டாள். அதைத் திரைக்குப் பக்கத்தில் நட்டு வைத்து, மயில் படத்தை ஓடவிட்டாள். திரையின் நீலமும் தோகையின் நீலமும் ஒன்றாகும் வரை விடவில்லை. நாலு நாள் ஆனது. கடைசியில் தோகையப்பனே வந்து பார்த்து, எது நிஜம் எது படம் என்று தடுமாறித் திரையைக் கொத்தப் போனார். கூரிதான் சட்டென்று தடுத்தாள்.

"திரையில மூக்கு இடிக்கிறதுக்கு முன்னாடி நிறுத்துனியே, அது வரைக்கும் நல்லது!" என்றார். அவருக்கு ஒரே சந்தோஷம்.

விழா நாள் வந்தது. சாயங்காலம் காடே கூடத்தில் கூடியது. கூரி எல்லா இணைப்பையும் மூன்று முறை சரிபார்த்துவிட்டு, முகம் கழுவ அருவிக்குப் போனாள்.

அந்த நேரத்தில்தான் அகவம்மா வந்தார். அவர் கையில் ஒரு பட்டு உறை இருந்தது. பெட்டியைப் பார்த்த நாளிலிருந்து அவரே தைத்தது. ஓரமெல்லாம் ஜரிகை, நடுவில் தாமரைப் பூ. புதுப் பொருளில் தூசி படலாமா? அதுவும் இத்தனை பேர் கண் படுகிற நாளில்? பெட்டியின் தலையிலிருந்து கால்வரை உறையை இழுத்து மாட்டி, அடியில் நாடாவை முடிந்துவிட்டு, திருப்தியாகப் போய் உட்கார்ந்தார்.

கூரி திரும்பியபோது விளக்கை அணைத்திருந்தார்கள். படம் தொடங்கியிருந்தது. இருட்டில் பெட்டி அவள் கண்ணில் படவில்லை.

அது காட்டின் கோடையையும் முதல் மழையையும் பற்றிய படம். மான்கள் ஓடின. யானை பிளிறியபோது முன்வரிசை முயல்கள் எழுந்து ஓடப் பார்த்தன. "உட்காருங்கடா, படம்!" என்று யாரோ அதட்டினார்கள். கூரி கண்ணை மூடிப் பெட்டியின் சத்தத்தைத் தேடினாள். ஒன்றுமே இல்லை. அவள் நெஞ்சு நிமிர்ந்தது.

படத்தில் மேகம் திரண்டது. எல்லாரும் முதல் துளிக்காகக் காத்திருந்தார்கள்.

திரை ஒரு முறை திக்கியது. குரல் உடைந்தது. பிறகு எல்லாம் இருண்டது.

"போச்சு!" என்று துள்ளினான் கடுவன். "நான் சொல்லல? விசிறி இல்லாத பெட்டியாம்! வளையில இருக்கிறவங்களுக்குக் காத்தோட்டம்னா என்னன்னு தெரியுமா?"

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அடங்கிய பிறகு ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

கலகல. கலகல.

"கூரி! என்னம்மா இது?" தோகையப்பனின் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது.

"தெரியலைங்க ஐயா. பாத்துட்டுச் சொல்றேன். என் தப்பா இருந்தா என் தப்புன்னே சொல்லிடுவேன்."

விளக்கைப் போட்டார்கள். கூரி பெட்டியிடம் போனாள். செப்புத் தகட்டைத் தொடக் கையை நீட்டினாள். கையில் பட்டுத்தான் பட்டது. சுடச்சுட இருந்தது.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஜரிகை வேலையைப் பார்த்ததும் அது யார் கை என்பதும் புரிந்தது. திரும்பினாள்.

"பெட்டி கெட்டுப் போகல ஐயா. மூச்சு முட்டிப் போச்சு. அதான் தானா அணைஞ்சிருக்கு. இதுல என் தப்பும் உண்டு. இதை மூடக் கூடாதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லவே இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சுட்டேன்."

அவள் பெயர் எதையும் சொல்லவில்லை. ஆனால் அகவம்மா எழுந்து நின்றார்.

"மூடினது நான்தான். தூசி படக் கூடாதுன்னுதான் தச்சேன்." கொஞ்சம் தயங்கினார். "பொய் சொல்வானேன்? முள்ளு முள்ளா நிக்குதே, வர்றவங்க என்ன நெனப்பாங்களோன்னும் இருந்தது."

அந்த வார்த்தை கூரிக்குப் பழக்கமானது. எத்தனையோ வாசல்களில் அவள் தன் முதுகைப் பற்றி அதைக் கேட்டிருக்கிறாள். ஆனால் இது தன் முதுகு இல்லை, தான் செய்த பொருள். அதற்காக அவளால் பேச முடிந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? ஐயா ஆடும்போது தோகைக்கு உறை போடுவீங்களா?"

முதலில் சிரித்தது அகவம்மாதான். "போட்டா இவரு என்னை வீட்டை விட்டே துரத்திடுவாரே!" என்று சொல்லிக்கொண்டே வந்து, தானே நாடாவை அவிழ்த்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்? என் பெட்டி வெளியில ரெடியா இருக்கு!" என்றான் கடுவன்.

எல்லாரும் தோகையப்பனைப் பார்த்தார்கள். அவர் கூரியைப் பார்த்தார்.

"ஒரு வெத்தலை போட்டு மெல்ற நேரம் போதுங்க ஐயா."

"அப்ப எல்லாருக்கும் வெத்தலை குடுங்க!" என்றார் மயில்.

வெற்றிலைத் தட்டு ஒரு சுற்று வந்தது. தகடுகளின் நடுவே காற்று நுழைந்து வெளியேறியது. கூரி தொட்டுப் பார்த்தாள். பொத்தானை அமுக்கினாள்.

மீண்டும் மேகம் திரண்டது. கூடம் மூச்சை அடக்கியது. பெட்டியும் சத்தமே இல்லாமல் இருந்தது.

டொப்.

ஒரு தேக்கிலையில் முதல் துளி விழுந்தது. கடைசி வரிசைத் தவளை ஒன்று, "மழை! மழை!" என்று கத்திக்கொண்டு வெளியே குதித்து, வறண்ட வானத்தைப் பார்த்துவிட்டு அசடு வழியத் திரும்பி வந்தது. கைதட்டல் பாறைச் சுவர்வரை போனது. கோரைப்பாய் அதை அப்படியே வாங்கிக்கொண்டது.

படம் முடிந்ததும் தோகையப்பன் எழுந்தார். வழக்கம்போல் தன்னைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

"என் வீட்டுல நான் ஆடுறதைப் பாக்கத்தான் இதுவரைக்கும் எல்லாரும் வந்தீங்க. இனி இந்தப் பெட்டியைப் பாக்க வருவீங்க. செஞ்சது கூரி! வளையில பொறந்து, படிச்சு, தன் முதுகைப் பாத்தே கத்துக்கிட்டுச் செஞ்சிருக்கா. இதை நடுக் கூடத்துல திறந்தே வைக்கப் போறேன்!"

கடுவன் கூட்டம் கலைந்த பின் மெதுவாக வந்தான். "அந்தத் தகட்டுக்கு எவ்வளவு இடைவெளி விட்டே?" என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். கூரி ஒளிக்காமல் சொல்லிக் கொடுத்தாள்.

பட்டு உறையும் வீணாகவில்லை. குகை வாசலில் திரையாகத் தொங்கியது. அந்தி வெயில் இனி படத்தில் விழாது.

கூரி வளைக்கு நடந்தாள். முதுகு முட்கள் முழுவதும் நிமிர்ந்து நின்றன. பாதிவழியில்தான் ஒன்றைக் கவனித்தாள். முட்கள் ஒலிக்கவே இல்லை.

பெருமைக்குரிய பொருளைப் பட்டுத் துணியால் மூடி மறைப்பவர் அதன் மூச்சையே அடைக்கிறார். அதன் இயல்பைத் திறந்து காட்டுபவரே அதற்கு உண்மையான மரியாதை செய்கிறார்.

கதையைக் கேட்ட பிறகு ஒன்றை மட்டும் நேரில் சரிபார்த்தேன். எங்கள் வீட்டுச் செட்டாப் பாக்ஸின் மேல் எப்போதும் பூப்போட்ட துணி ஒன்று கிடக்கும். துணிக்கு அடியில் கைவைத்துப் பார்த்தேன், சுட்டது. துணியை எடுத்துவிட்டு ஒரு முழுப் படம் ஓடவிட்டுத் தொட்டேன். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தது.